பெயர் சொல்லாத விண்ணப்பம்

ஜூலை 4, வெள்ளி

இன்று சாயங்காலம் ஹெப்சிபா டீச்சர் வீட்டில் கூடினோம். வந்திருந்தவர்கள்: ஹெப்சிபா டீச்சர், தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்கள். பாஸ்டரம்மா. மேபல், பம்பாயிலிருந்து பையனோடு வந்து நம் சபையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது, நன்றாகப் பாடுவாள். லில்லிபுஷ்பம். லில்லிபுஷ்பத்தின் தம்பி பெண்சாதி ரெஞ்சிதம். நான். ரெஞ்சிதத்தின் மகள் ஷைனி வாசற்படியில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கணக்கில் சேர்க்கவில்லை. சபைப் பெண்கள் மற்றவர்கள் வரவில்லை, போனில் சேர்ந்துகொள்வார்கள்.

வாட்ஸப்பில் ஜெபக் குழு தொடங்குவது என்று தீர்மானம். வெள்ளிதோறும் காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை சங்கிலி ஜெபம். ஆளுக்கு ஒரு மணி நேரம் அவரவர் வீட்டிலேயே முழங்காலில் நிற்க வேண்டும். முடித்ததும் குழுவில் கைகூப்பும் படம் போட வேண்டும். அதைப் பார்த்து அடுத்தவர் தொடங்க வேண்டும். சங்கிலி அறுந்துபோகக் கூடாது.

பெயர் வைப்பதிலேயே அரை மணி நேரம் போனது. டீச்சர் "இடைவிடா ஜெபம்" என்றார்கள். மேபல் "பரலோக வாசல்" என்றாள்.

"வாசலைத் தொறக்கது நம்ம வேலையாம்மா? நம்ம வேலை தட்டுதது" என்றார்கள் டீச்சர்.

"தட்டுறதுக்கும் ஒரு வாசல் வேணும்லா டீச்சர்" என்றாள் மேபல். ரெஞ்சிதம் மட்டும் சிரித்தாள். லில்லிபுஷ்பம் அவளைத் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கடைசியில் டீச்சர் சொன்ன பெயர்தான்.

யார் எந்த மணி என்ற பட்டியல் என் பொறுப்பு. "சுகிர்தம் கையில குடுத்தா ஒரு பொட்டு தவறாது" என்று டீச்சர் எல்லார் முன்னாலும் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இது பெரிய காரியம். இன்னொன்றும் என்னிடம் தந்தார்கள். வெளியே சொல்ல முடியாத பாரம் உள்ளவர்கள் எனக்குத் தனியாக எழுதுவார்கள். நான் அதைப் பெயர் இல்லாமல் குழுவில் போட வேண்டும். "ஆளு யாருன்னு ஆண்டவருக்கும் சுகிர்தத்துக்கும் மட்டும்தான் தெரியணும்" என்றார்கள் பாஸ்டரம்மா.

வீட்டுக்கு வந்து இவர்களிடம், என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். டி.வி.யில் நாலு பேர் கத்துவதைப் பார்த்தபடியே, "ஆண்டவருக்கு அடுத்த எடம் ஒனக்காட்டி? பாத்து ஒக்காரு" என்றார்கள்.

ஜூலை 5, சனி

சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன். குழுவில் இதுவரை சேர்ந்தவர்களைப் பட்டியலில் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

முதல் சங்கிலி. நான் ஆறு மணிக்கே தொடங்கிக் கொடுத்தேன். மனதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கைகூப்பு. வீட்டு வேலைக்கு நடுவே எங்கேயோ ஒருத்தி எனக்காக முழங்காலில் இருக்கிறாள் என்று நினைத்தால் தனியாக இருப்பது போலவே இல்லை.

மேபலுக்குப் பத்து மணி, டீச்சருக்குப் பதினொன்று. மேபல் கைகூப்பாமல் தன் குரலில் ஒரு பாட்டைப் பாடி அனுப்பினாள். அது முடியும்போது டீச்சர் நேரத்தில் பத்து நிமிஷம் போய்விட்டது.

டீச்சர் எழுதினார்கள்: "நேரமும் ஒரு காணிக்கை. அடுத்தவர் காணிக்கையில் கை வைக்க வேண்டாம்."

மேபல்: "ஆவியானவர் மணி பாத்து எறங்க மாட்டாரு டீச்சர்."

அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்புப் படங்கள். எது யாருக்கு என்று தெரியவில்லை.

மாலையில் வழக்கப்படி பட்டியலைப் போட்டேன். பத்து மணிக்கு எதிரே "பத்து நிமிடம் கூடுதல்" என்று குறித்திருந்தேன். உடனே மேபல் போனில் வந்தாள்.

"மைனி, அதைக் கூடி எழுதணுமா?"

"நடந்ததைத்தானேம்மா எழுதினேன்."

"ஒங்க பட்டியல்ல நான் களவாணி மாதிரில்லா இருக்கேன்."

கணக்கு என்றால் கணக்குதான். அதில் தயவு பார்த்தால் அப்புறம் எதற்குக் கணக்கு?

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனையில் டீச்சர் முன் பெஞ்சில், மேபல் கடைசிப் பெஞ்சில். நான் நடுவில். இரண்டு பேரும் வெளியே வரும்போது என்னிடம் மட்டும் பேசினார்கள். என் மகன் கனடாவிலிருந்து இன்று கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தான். வேலையாக இருக்கும்.

ஜூலை 18, வெள்ளி

பெயர் சொல்லாத விண்ணப்பம் முதன்முதலாக வந்தது. அனுப்பியவர்கள் டீச்சர். "பெருமையினால் நிறைந்த ஒரு சகோதரி தாழ்மையைக் கற்றுக்கொள்ள ஜெபிக்கவும்."

நம் சபையில் பெருமைக்காரர்களுக்குக் குறைவில்லை. வேறு யாரும் தன்னைத்தான் சொல்கிறது என்று வீணாக வருத்தப்பட்டுவிடக் கூடாதே என்று, "பாடும் வரம் பெற்ற" என்ற சொற்களை மட்டும் தெளிவுக்காகச் சேர்த்துப் போட்டேன்.

ஜூலை 19, சனி

மேபல் அனுப்பியது: "ரிட்டயர் ஆகியும் பிரம்பைக் கீழே போடாத ஒரு தாயாருக்காக." இதில் தெளிவுக்கென்று எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. வந்தபடியே போட்டேன்.

ஜூலை 25, வெள்ளி

இந்த வாரம் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டன. இரவல் வாங்கிய இட்லிக் கொப்பரையைத் திருப்பித் தராத சகோதரிக்காக. கோயிலில் ஃபேனுக்குக் கீழே வாரந்தோறும் ஒரே இடத்தைப் பிடிக்கும் குடும்பத்துக்காக. மாமியாரை மேலே அனுப்பக் காத்திருக்கும் மருமகளுக்காக. எல்லாம் என்னிடம் வந்துதான் போகிறது. காலையில் காப்பி ஆறிப்போவதே வழக்கமாகிவிட்டது.

ஒரு விண்ணப்பம் வந்ததும் இப்போது யாரும் கண்ணை மூடுவதில்லை, இது யார் என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். லில்லிபுஷ்பம் சாளை மீன் கொண்டுவந்தவள் நிலைப்படியிலேயே நின்று கேட்டாள்: "யக்கா, அந்த இட்லிக் கொப்பரை யாரு?"

"அதைச் சொல்லப்பிடாதுட்டி."

"எனக்குத் தெரியும். நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க."

ஆட்டவில்லை. சொல்ல மாட்டேன் என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

பாஸ்டரம்மா "அன்பில் நிலைத்திருங்கள்" என்று ரோஜாப் படம் போட்டார்கள். டீச்சர் அதற்குக் கீழே, விண்ணப்பங்களை எழுத்துப் பிழை இல்லாமல் அனுப்பவும் என்றார்கள். மேபல், கடவுளுக்குத் தமிழ்ப் பரீட்சை வைக்கத் தெரியாது என்றாள்.

ஜூலை 30, புதன்

மத்தியானம் மொட்டை மாடியில் கூழ் வற்றல் பிழிந்துகொண்டிருந்தேன். ரெஞ்சிதம் வந்தாள். அவள் தனியாக என் வீட்டுக்கு வந்ததே இல்லை. எப்போதும் நாத்தனாரோடுதான் வருவாள். ஒரு அச்சை எடுத்து அவளும் பிழிய உட்கார்ந்தாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் வரவில்லை.

"யக்கா, இந்தப் பக்கம் வந்து பேசுங்க. அந்தக் காது கேக்கல."

"என்னைக்கிலிருந்து?"

"கெட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து."

அது எந்த வெள்ளி, கை யாருடையது என்று நான் கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரர் தங்கதுரை சிமெண்டுக் கல் வார்க்கும் ஹாலோ பிளாக் களம் வைத்திருக்கிறார். சபைக் கமிட்டியில் இருக்கிறார். ஒவ்வொரு வருஷமும் அசனப் பண்டிகைக்கு ஆடு அவர் தருவது. சபை முழுவதும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த நாளில் விடிவதற்கு முன்பே அண்டாப் பக்கம் போய் நின்றுவிடுவார். குரலை உயர்த்திப் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

ரெஞ்சிதம் சொன்னது இது. கோயம்புத்தூரில் அவள் அண்ணன் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று சொல்லிவிட்டான். அசனம் ஒன்பதாம் தேதி. "அன்னைக்கு மட்டும்தான் யக்கா அவிய நாள் முழுக்க என்னைய தேட மாட்டாவ. மொத பஸ்ஸுக்கு நானும் ஷைனியும் போயிருவோம். அதுவரைக்கும் ஒண்ணும் நடக்காம இருக்கணும். அதுக்கு ஜெபிக்கணும்."

"போன்ல அனுப்பியிருக்கலாமே."

"என் போனை அவிய பாப்பாவ. நீங்களே எழுதுங்க. பேரு வேண்டாம்."

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "வீட்டில் சமாதானம் இல்லாத ஒரு சகோதரி பிள்ளையோடு பத்திரமான இடத்துக்குப் போக வழி திறக்கும்படி ஜெபிக்கவும்." பிள்ளையோடு என்பதை எடுத்துவிடவா என்று கேட்டேன். "அவளுக்காகத்தானே யக்கா போறேன்" என்றாள்.

போகும்போது, "யாருட்டயும் சொல்லிராதிய" என்றாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். என்னிடம் போய் அதைச் சொல்லலாமா?

ஆகஸ்ட் 1, வெள்ளி

சங்கிலி இன்று மூன்று இடத்தில் அறுந்தது.

காலையில் ரெஞ்சிதத்தின் விண்ணப்பத்தை எழுத்துக்கூட மாற்றாமல் போட்டேன். ஏழு மணிக்கு மேபல் எழுதினாள்: "யாரு இதை அனுப்பினது? நானும் என் பையனும் ஊரை விட்டுப் போவணும்னு ஜெபமா? என் வீட்டுக்காரர் கூட நான் இல்லைங்கிறது ஒங்க எல்லாருக்கும் தெரியும். அதைச் சங்கிலி போட்டு ஆண்டவருக்குச் சொல்லணுமா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. மேபலும் பிள்ளையோடு வந்தவள்தானே.

டீச்சர்: "குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்."

மேபல்: "அப்ப நீங்கதான். பெருமைக்காரின்னு அன்னைக்கு எழுதினதும் நீங்கதான். பாடும் வரம் பெற்றன்னு போட்டுக் குத்துனது நீங்கதான்."

டீச்சர்: "நான் எழுதியதில் அந்த வார்த்தைகளே கிடையாது. சேர்த்தது யார் என்று பட்டியல் வைத்திருப்பவர் சொல்லட்டும்."

அதோடு எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். சுகிர்தம் பதில் சொல்லவும். சுகிர்தம் ஏன் மௌனம். ஒருத்தி, இத்தனை நாள் வந்த விண்ணப்பம் எல்லாமே சுகிர்தம் சொந்தமாக எழுதியதுதானா என்று கேட்டாள். இட்லிக் கொப்பரைக்காரி, திருப்பித் தராதவள்தான், அதற்குக் கைகூப்பினாள்.

டீச்சர் கடைசியாக, வரும் வாரத்திலிருந்து பட்டியலை வேறு ஒருவரிடம் கொடுப்பது குறித்து யோசிக்கலாம் என்று போட்டார்கள்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இவர்கள் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

மேபல் வீட்டுக்கு வந்தாள். பேசினோம். அந்த விண்ணப்பம் அவளைப் பற்றியது இல்லை என்று புரிந்துகொண்டாள். என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். ஸ்தோத்திரம். வற்றல் காய்ந்துவிட்டது, டப்பாவில் அடைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து முகம் கழுவுவதற்குள் குழுவில் மேபலின் செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"சகோதரிகளே, நான் அவசரப்பட்டு ஹெப்சிபா டீச்சரையும் சுகிர்தம் மைனியையும் வேதனைப்படுத்திட்டேன். எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்கிறேன். அந்த விண்ணப்பம் என்னைப் பத்தினது இல்ல. நம்ம ரெஞ்சிதத்துக்காகன்னு தெரிஞ்சப்ப வெக்கமாப் போச்சு. எவ்வளவு பாடுபட்டா ஒருத்தி அசனத்தன்னைக்குப் பிள்ளையோட கெளம்ப நெனப்பா! அவளுக்காக இனி கண்ணீரோட ஜெபிப்போம்."

உடனே கைகூப்புகள். பாஸ்டரம்மா இதயம் போட்டார்கள். டீச்சர், "மன்னிப்புக் கேட்பதே பெரிய மனது. நானும் கேட்கிறேன்" என்றார்கள். ஒரு மாதமாக இல்லாத சமாதானம். நானும் கைகூப்பினேன். அதன் பிறகுதான் இன்னொரு தரம் படித்தேன்.

மேபலுக்கு போன் போட்டேன். "அழிட்டி, அழிச்சிரு" என்று கத்தினேன். "என்ன மைனி, நல்லதுக்குத்தானே போட்டேன்" என்றாள். அப்புறம் அவளுக்கே புரிந்தது. செய்தியை அழித்தாள். ஆனால் அதற்கு முன்பே "ரெஞ்சிதம் வெளியேறினார்" என்று ஒரு வரி வந்துவிட்டது. வெளியேறியது அவள் விரலா, வேறு விரலா, தெரியாது. லில்லிபுஷ்பம் ஒன்றுமே போடவில்லை.

நான் மேபலிடம் சொன்னது ஒரே ஒரு பெயர். அசனத்தன்றைக்கு என்பதையும் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். வற்றலை டப்பாவில் போட்டுக்கொண்டே பேசியதால் நினைவில்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ரெஞ்சிதம் போன் அணைந்து கிடக்கிறது. கூடையில் கொஞ்சம் வற்றல் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில்தான் களம். தங்கதுரை கல்லுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். குழாயை மூடிவிட்டு வந்தார்.

"வாங்க யக்கா. என்ன இந்த வெயில்ல?"

"ரெஞ்சிதத்தைப் பாக்கலாம்னு."

"அவ அண்ணன் வீட்டுக்குல்லா போயிருக்கா. பிள்ளையுந்தான். நேத்து சாயங்காலம் நானே பஸ் ஏத்தி விட்டேன்."

"திடுதிப்புன்னு?"

சிரித்தார். "நீங்க எல்லாருமாச் சேந்து ஜெபிச்சியள்ளா, வழி தொறக்கணும்னு? ஆண்டவர் கேட்டுட்டாரு."

வற்றலை நீட்டினேன். இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். திரும்பி நடக்கும்போது பின்னால் தண்ணீர் அடிக்கும் சத்தம் மறுபடி கேட்கும் என்று காத்திருந்தேன். தெரு முனை திரும்பும் வரை கேட்கவில்லை.

இவர்களிடம் சொன்னேன். டி.வி.யை நிறுத்தினார்கள். "அவன் பஸ் ஏத்தி விடுத ஆளாட்டி?" என்றார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மீன் சந்தையில் லில்லிபுஷ்பம். ரெஞ்சிதம் ஊரிலிருந்து பேசினாளா என்று கேட்டேன். "எந்த ஊரு? அவ காய்ச்சல்ல வீட்டுல படுத்துக் கெடக்கா" என்றாள். சொல்லிவிட்டு மீன்காரியோடு விலை பேசத் தொடங்கினாள். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

குழுவில் எழுதினேன்: "ரெஞ்சிதத்தையோ ஷைனியையோ ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும்."

வந்த பதில்கள்:

டீச்சர்: "இது ஜெபக் குழு. தனிப்பட்ட விசாரணைகளைத் தனியே வைத்துக்கொள்ளவும்."

மேபல்: "கேட்டா என்ன டீச்சர்? மனுஷி இருக்காளா இல்லையான்னு கேக்கக் கூடாதா?"

இட்லிக் கொப்பரைக்காரி: "பெயரை வெளியே போட்டது யார்? முதலில் அதைச் சொல்லுங்கள்."

மேபல்: "நான்தான் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். எத்தனை தரம் கேக்கணும்?"

ஒருத்தி: "மன்னிப்புச் செய்தியை அழித்துவிட்டீர்களே. அப்போது மன்னிப்பு செல்லுமா?"

இப்படியே மத்தியானம் வரை போனது. யார் அட்மின், யாரை நீக்கலாம், இனிமேல் டீச்சர் மட்டும் செய்தி போடும்படி மாற்றலாமா என்று. லில்லிபுஷ்பம் வெளியேறினாள். அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி நாலு பேர் கெஞ்சினார்கள். நான் கேட்டதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். என் வரி எங்கேயோ போய்விட்டது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பாஸ்டர் ஐயாவைப் பார்த்தேன். மேஜை நிறைய அசனத்துக்கான ரசீதுகள். பொறுமையாகக் கேட்டார்கள்.

"அவர் அண்ணன் வீட்டுக்குன்னு சொல்லுதாரு. அக்கா காய்ச்சல்னு சொல்லுதாவ. ரெண்டுல ஒண்ணு நெசமா இருக்கும்லாம்மா."

"ரெண்டும் பொய்யா இருந்தா, ஐயா?"

பேனாவை மூடி வைத்தார்கள். "குடும்பக் காரியம். அசனம் முடியட்டும். நான் அவரிட்ட பக்குவமாப் பேசுதேன்."

பாஸ்டரம்மா வாசல் வரை வந்தார்கள். "சுகிர்தம், ஒன்னை நம்பித்தானே குடுத்தோம்" என்றார்கள். அதை நான் எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். நடந்ததை எழுதுகிறவள் நான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சங்கிலிக்குப் பாதிப் பேர் வரவில்லை. ரெஞ்சிதத்தின் மணி மத்தியானம் இரண்டு. பட்டியலில் அவள் பெயரை அடிக்க மனம் வரவில்லை. அந்த நேரத்துக்கு நானே முழங்காலில் நின்றேன். காது கேக்கல, இந்தப் பக்கம் வந்து பேசுங்க என்று அவள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. மூன்று மணிக்குக் கைகூப்பினேன். இது யாருடைய மணி என்று யாரும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

அசனம். பெண்கள் காலையிலேயே கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்தோம். டீச்சர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு காயை வெட்டிப் போட்டார்கள். பிறகு காயைப் பார்த்தபடியே சொன்னார்கள்:

"நேத்து நான் வேலை பாத்த ஸ்கூலுக்குப் போன் போட்டுக் கேட்டேன் சுகிர்தம். ஷைனி திங்கக்கிழமையிலிருந்து வரல. டி.சி. வாங்கவும் இல்ல. லீவு லெட்டரும் இல்ல."

"அன்னைக்குக் குழுவுல விசாரணை வேண்டாம்னியளே டீச்சர்."

"மேபல் கேக்கான்னு நெனச்சுத்தான் வேண்டாம்னேன்" என்றார்கள். கேட்டது நான் என்பதைக்கூட அவர்கள் பார்க்கவில்லை. கத்தியை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்கள். வெகுநேரம் துடைத்தார்கள்.

தங்கதுரை அண்டாப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வெள்ளை வேட்டி. துடுப்பால் கிளறிக்கொண்டு எல்லாரையும் வா வா என்றார். பந்தியில் என் இலைக்கு அவரே கறி கொண்டுவந்தார். "நல்லாச் சாப்பிடுங்க யக்கா. ஒங்க வத்தலும் நல்லாருந்துச்சு." யார் பொரித்துத் தந்தது என்று கேட்க வாயெடுத்தேன். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

இன்றைக்கு முதல் பஸ் ஐந்தே முக்காலுக்குப் போயிருக்கும். நான் சாப்பிடவில்லை. இலையை மூடிவைத்து எழுந்தேன். அசனத்தில் இலையைச் சாப்பிடாமல் மூடுவது பாவம் என்பார்கள். பக்கத்தில் மேபலும் மூடியிருந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உடம்பு சரியாக இருந்தும் போகாத ஞாயிறு இது ஒன்றுதான்.

நேற்று சாயங்காலமே மேபல் பம்பாய் சிநேகிதிகளைப் பிடித்து, அவர்கள் மூலமாகக் கோயம்புத்தூரில் யாரையோ பிடித்து, மோட்டார் காயில் கட்டும் கடைகளாக விசாரித்திருக்கிறாள். இன்று மத்தியானம் ரெஞ்சிதத்தின் அண்ணன் கடை நம்பரோடு வந்தாள். தலைகூட வாரவில்லை.

"அடிச்சுப் பாத்தியா?"

"மணி போவுது மைனி, எடுக்கல. ஞாயித்துக்கெழமை கடை இருக்காது. நீங்க எழுதிப் போடுங்க."

"நீயே எழுதேன்."

"வேண்டாம். நான் நல்லதுன்னு எழுதினா எப்படி ஆகுதுன்னு பாத்தியள்ளா." தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மைனி, ஒண்ணு கேக்கேன். அன்னைக்கு அந்த விண்ணப்பம் என்னைப் பத்தி இல்லன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேனா?"

யோசித்தேன். நம்பியிருப்பாள். டீச்சரிடமும் குழுவிலும் போய் என்னை நல்லவள் என்று சொல்லியிருக்க மாட்டாள், அவ்வளவுதான். அந்த நல்ல பெயரைத்தான் நான் வாங்க நினைத்தேன்.

அவளிடம், "தெரியலட்டி" என்றேன்.

இவர்கள் டி.வி.யைப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். "போலீஸ்ல சொல்லணும். ஆனா ரெண்டு பேரும் அண்ணன்கிட்ட இருந்துட்டா, நாமளே தங்கதுரைக்கு வழி காட்டிக் குடுத்த மாதிரி ஆகிரும். மொதல்ல அந்த அண்ணன்கிட்ட கேளு" என்றார்கள். என்னிடம் பேச இவர்களுக்கு இவ்வளவு வார்த்தை இருந்தது இன்றுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

காலை ஜெபம் முடித்து எழுதினேன். மேபலிடம் காட்டாமல், டீச்சரைக் கேட்காமல், தெளிவுக்காக எதையும் சேர்க்காமல். கோயம்புத்தூர் நம்பருக்கு அனுப்பியதன் நகல் இது:

"ஐயா, என் பெயர் சுகிர்தம். உங்கள் தங்கை ரெஞ்சிதத்தின் சபையில் இருப்பவள். ஒன்பதாம் தேதி மகளோடு உங்களிடம் வரப்போவதாக என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். நான் சொல்லிவிட்டேன். அது மூன்றாம் தேதி அவள் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளையும் ஷைனியையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை. உங்களிடம் வர பஸ் ஏற்றிவிட்டதாக அவள் வீட்டுக்காரர் சொல்கிறார். காய்ச்சலில் படுத்திருப்பதாக அவர் அக்கா சொல்கிறார். வீடு பூட்டியிருக்கிறது.

அவர்கள் உங்களிடம் வந்துவிட்டார்களா? வந்திருந்தால் எங்கே என்று சொல்ல வேண்டாம், வந்துவிட்டார்கள் என்று மட்டும் எழுதுங்கள். நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை, ஆகையால் எழுதவில்லை. வரவில்லை என்றால் அதையாவது எழுதுங்கள். நானும் என் வீட்டுக்காரரும் இன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும், புறப்பட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறோம். இதைப் பார்த்ததும் பதில் போடுங்கள்."